மன்னரின் விசுவாசி கிளர்ச்சிக்காரரான கதை: பெஞ்சமின் பிராங்கிளின்

அமெரிக்கப் புரட்சியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பொஸ்டன் துறைமுகத்தில் கடலுக்குள் கொட்டப்பட்ட தேயிலையில் இருந்து தொடங்குவார்கள். இல்லாவிட்டால் ஜோர்ஜ் வொஷிங்டனின் படையில் இருந்து தொடங்குவார்கள். ஆனால், ஒரு பேரரசின் மீது உண்மையான பற்று வைத்திருந்த மக்கள் அதே பேரரசுக்கு எதிராக எப்படித் துப்பாக்கி தூக்கினார்கள் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் பெஞ்சமின் பிராங்கிளினின் வாழ்க்கையைப் பின்தொடர்வதே நல்லது. அவர் பிறவிக் கிளர்ச்சிக்காரர் அல்ல. தனது 68 ஆவது வயது வரை பிரித்தானியப் பேரரசு உடைந்துவிடக் கூடாது என்று பாடுபட்டவர். மன்னரின் உத்தியோகத்தில் இருந்து சம்பளம் பெற்றவர். தனது மகன் மன்னரின் ஆளுநராக நியமிக்கப்பட்டபோது பெருமைப்பட்டவர். அப்படிப்பட்ட ஒருவரையே பேரரசு தனது எதிரியாக்கிக் கொண்டது.

1706 ஜனவரி 17 ஆம் திகதி பொஸ்டனில் பிறந்தார். தந்தை ஜோசையா இங்கிலாந்தில் இருந்து குடியேறியவர். மிருகக் கொழுப்பை உருக்கி மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். அவருக்குப் பிறந்த 17 பிள்ளைகளில் பெஞ்சமின் 15 ஆவது பிள்ளை. பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடங்கள் மட்டுமே. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். ஜேம்ஸ் நடத்திய பத்திரிகை அதிகாரிகளைச் சீண்டியது. 1722 இல் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அந்த நாட்களில் பத்திரிகையை வெளியே கொண்டுவந்தவர் 16 வயதுத் தம்பி. அண்ணனின் அடியைத் தாங்க முடியாமல் மறுவருடம் பொஸ்டனை விட்டு ஓடிப் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். கையில் சொற்பப் பணம், தெரிந்த தொழில் ஒன்று, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்தவை பள்ளிப் புத்தகங்களில் உள்ளவை. சொந்த அச்சகம், பத்திரிகை, வருடந்தோறும் வெளிவந்த பஞ்சாங்கம், 1731 இல் சந்தா நூலகம், பின்னர் ஊர் தீயணைப்புக் குழு. 42 வயதில் அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெறும் அளவுக்கு வசதி. மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டிய பரிசோதனைகளுக்காக 1753 இல் இலண்டன் றோயல் சங்கம் அவருக்குக் கொப்லி பதக்கம் வழங்கியது. பட்டம் விட்டு மின்னலைப் பரிசோதித்தபோது அருகில் நின்று உதவியவர் அவரது மகன் வில்லியம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. தாய் யார் என்பது இன்றுவரை தெரியாது. ஆனாலும் பிராங்கிளின் அவரைத் தனது வீட்டிலேயே, மனைவி டெபோராவுடன் சேர்ந்து வளர்த்தார். இந்த வில்லியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே 1753 இல் கிடைத்த இன்னொரு நியமனம் பதக்கத்தை விட முக்கியமானது. வட அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கான இரு துணை அஞ்சல் மா அதிபர்களில் ஒருவராக மன்னரின் அரசு அவரை நியமித்தது. அக்காலத்தில் அந்த நாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மசாசுசெட்ஸ்காரரும் வேர்ஜீனியாக்காரரும் தனித்தனியே இலண்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிராங்கிளின் அஞ்சல் வழிகளை நேரில் போய்ப் பார்த்தார், இரவிலும் தபால் ஓடச் செய்தார். கடிதமும் பத்திரிகையும் ஊர் விட்டு ஊர் வேகமாகப் போகத் தொடங்கின. பின்னாளில் ஒரு நகரில் நடந்த அநியாயம் இன்னொரு நகரின் அநியாயமாக உணரப்பட்டதற்கு இந்தத் தபால் பாதைகளும் ஒரு காரணம். பேரரசு தன் வசதிக்காகப் போட்ட பாதை அது.

1754 இல் அல்பனி நகரில் பல குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். பிரான்சுடன் போர் வரப்போகிறது என்ற அச்சம் நிலவிய காலம். மன்னர் நியமிக்கும் ஒரு தலைவரின் கீழ் குடியேற்ற நாடுகளுக்கு ஒரு பொதுச் சபை அமைக்கலாம் என்று பிராங்கிளின் திட்டம் வரைந்தார். துண்டு துண்டாக வெட்டப்பட்ட ஒரு பாம்பின் படத்தைத் தனது பத்திரிகையில் வெளியிட்டு ஒற்றுமையின் தேவையைச் சொன்னவரும் அவரே. ஆனால் தத்தம் அதிகாரம் பறிபோகும் என்று குடியேற்ற நாடுகளின் சபைகள் அதை நிராகரித்தன. இலண்டனும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சமஷ்டி போன்ற ஏற்பாடு அன்றே ஏற்கப்பட்டிருந்தால் பிரிவினை அவ்வளவு விரைவில் வந்திருக்காது என்று முதுமையில் அவர் எழுதினார். தவறவிடப்பட்ட தருணங்களின் பட்டியல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1757 இல் பென்சில்வேனியா சபை அவரைத் தனது முகவராக இலண்டனுக்கு அனுப்பியது. பிணக்கு மன்னருடன் அல்ல, பென் குடும்பத்துடன். பென்சில்வேனியா அந்தக் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. போர்ச் செலவுக்குக் குடிமக்கள் எல்லோரும் வரி கட்ட, தங்கள் பெருநிலங்களுக்கு மட்டும் வரி கட்ட மாட்டோம் என்று பென் குடும்பம் அடம்பிடித்தது. இதற்குப் பிராங்கிளின் கண்ட தீர்வு இன்று வாசிக்கும்போது விசித்திரமாக இருக்கும். பென் குடும்பத்தின் பிடியில் இருந்து மாகாணத்தை எடுத்து நேரடியாக மன்னரின் ஆட்சியில் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். பக்கத்தில் இருக்கும் சிறிய எசமானை விடத் தூரத்தில் இருக்கும் பெரிய எசமான் நீதியாக நடப்பார் என்ற நம்பிக்கை அது. தொலைதூர அதிகாரத்தைப் பற்றி உலகெங்கும் மனிதர்கள் இப்படித்தான் முதலில் நம்புகிறார்கள்.

இலண்டன் அவருக்குப் பிடித்துப்போனது. கிரேவன் வீதியில் ஒரு விதவையின் வீட்டில் தங்கினார். அறிஞர்களும் அச்சகத்தாரும் நண்பர்களானார்கள். உடன் சென்ற வில்லியம் சட்டம் படித்தார். 1762 இல் வில்லியம் நியூஜேர்சியின் ஆளுநராக மன்னரால் நியமிக்கப்பட்டார். மெழுகுதிரி வியாபாரியின் பேரன் ஆளுநர். பேரரசு தங்களைப் போன்றவர்களுக்கும் இடம் கொடுக்கும் என்பதற்குத் தந்தைக்கும் மகனுக்கும் இதைவிட வேறு சாட்சி தேவைப்பட்டிருக்காது. 

1763 இல் பிரான்சுடனான ஏழாண்டுப் போர் முடிந்தது. பிரித்தானியா வென்றது, ஆனால் கடன் ஏறத்தாழ 13 கோடி பவுணாக ஏறியிருந்தது. அமெரிக்காவில் தொடர்ந்து நிறுத்தப்பட்ட படைகளுக்கான செலவில் ஒரு பகுதியை அங்குள்ள மக்களே கட்டட்டும் என்று இலண்டன் தீர்மானித்தது. 1765 இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரிகை, உறுதிப்பத்திரம், வழக்குத் தாள், அனுமதிப்பத்திரம், பஞ்சாங்கம், விளையாட்டுக் கடதாசி என எல்லாவற்றிலும் முத்திரை இருக்க வேண்டும். தொகை பெரிதல்ல. இங்கிலாந்தில் வாழ்ந்தவர்கள் அதைவிடக் கூடிய வரி கட்டினார்கள். மக்களின் கோபம் தொகையைப் பற்றியதல்ல. நூறாண்டுக்கும் மேலாகத் தங்கள் வரியைத் தாங்கள் தெரிவு செய்த சபைகளே விதித்து வந்தன. இப்போது தாங்கள் ஒரு உறுப்பினரையும் அனுப்பாத, மூவாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு பாராளுமன்றம் அவர்களின் பையில் கை வைத்தது. இன்று ஒரு பென்ஸ் எடுப்பவன் நாளை எல்லாவற்றையும் எடுக்கலாம் என்பதே அச்சம்.

அப்போது இரண்டாவது தடவையாக இலண்டனில் இருந்த பிராங்கிளின் இந்தக் கோபத்தின் ஆழத்தை உணரவில்லை. சட்டத்தை எதிர்த்து வாதாடினார். நிறைவேறிய பின்னர் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஏற்றுக்கொண்டார். அதோடு நிற்காமல் பிலடெல்பியாவில் முத்திரைத் தாள் விநியோகிக்கும் உத்தியோகத்துக்குத் தனது நண்பர் ஒருவரின் பெயரையும் சிபாரிசு செய்தார். தலைநகரில் வருடக்கணக்காக இருந்து பேசும் பிரதிநிதிகளுக்கு வரும் நோய் இது. ஊரின் காய்ச்சல் அவர்களுக்குத் தெரிவதில்லை. சட்டத்தைக் கொண்டுவந்ததே அவர்தான் என்று ஊரில் வதந்தி பரவியது. 1765 செப்டெம்பரில் ஒரு கூட்டம் அவரது வீட்டை இடிக்க வரப்போகிறது என்ற செய்தி வந்தது. டெபோரா வீட்டை விட்டு வெளியேற மறுத்தார். மகளைப் பாதுகாப்பாக அனுப்பிவிட்டு, துப்பாக்கிகளை வரவழைத்து, ஓர் அறையைக் காவலரணாக்கி, உறவினர்களோடு மேல்மாடியில் இருந்து காத்தார். நண்பர்கள் திரண்டதால் வீடு தப்பியது. அந்தக் காரியத்தைப் பற்றிய டெபோராவின் கடிதம், எழுத்துப் பிழைகள் நிறைந்தது, இன்றும் இருக்கிறது. இந்தக் கதையில் அவருக்கு உரிய இடம் கிடைப்பது அரிது.

கணவர் விழித்துக்கொண்டார். 1766 பெப்ரவரி 13 ஆம் திகதி பிரித்தானிய மக்கள் சபையின் முன் அழைக்கப்பட்டு, 174 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். முன்னர் அமெரிக்கர்கள் இங்கிலாந்தை எப்படி நேசித்தார்கள், அந்த நேசம் எப்படித் தேய்கிறது, படையை அனுப்பினால் அங்கு கிளர்ச்சியைக் காணமாட்டார்கள் ஆனால் ஒன்றை உருவாக்கிவிடுவார்கள் என்பதை நிதானமாக விளக்கினார். அடுத்த மாதம் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்டது. அமெரிக்க நகரங்களில் மணிகள் ஒலித்தன, மன்னருக்குச் சிலை வைக்கவும் ஏற்பாடு நடந்தது. அதே நாளில் நிறைவேறிய இன்னொரு சட்டத்தைப் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை. எந்த விடயத்திலும் குடியேற்ற நாடுகளுக்குச் சட்டம் இயற்றும் முழு உரிமை பாராளுமன்றத்துக்கு உண்டு என்று அது பிரகடனம் செய்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் அந்தச் சிறிய சட்டமே உண்மையான பிரச்சினை. வரியை நீக்குவது இலகு. இறைமை யாரிடம் என்ற கேள்வியில் அவர்கள் ஒரு அங்குலமும் இறங்கவில்லை.

1767 இல் கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்குப் புதிய தீர்வை வந்தது. மக்கள் பிரித்தானியப் பொருட்களைப் புறக்கணித்தார்கள். 1768 இல் பொஸ்டனில் படை இறங்கியது. 1770 மார்ச் 5 ஆம் திகதி படையினர் சுட்டதில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். பின்னர் தேயிலையைத் தவிர மற்றத் தீர்வைகள் நீக்கப்பட்டன. தேயிலைத் தீர்வையை மட்டும் வைத்திருந்ததற்கு வருமானம் காரணமல்ல, உரிமையைக் கைவிடவில்லை என்று காட்டுவதே காரணம்.

இந்தக் காலத்தில் பிராங்கிளின் நான்கு குடியேற்ற நாடுகளின் முகவராக இருந்தார். மனுக்களையும் மகஜர்களையும் சுமந்துகொண்டு அமைச்சர்களின் வாசல்களில் காத்திருப்பதே வேலை. சில தடவைகள் மனுவை வாங்கவே மறுத்தார்கள். அவரது சிந்தனை மெல்ல மெல்ல மாறியது. பாராளுமன்றத்துக்குச் சில விடயங்களில் அதிகாரம் உண்டு, சிலவற்றில் இல்லை என்ற நடுநிலை வாதம் நிற்காது. ஒன்றில் எல்லா அதிகாரமும் உண்டு, அல்லது எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 1773 இல் இலண்டன் பத்திரிகையில் ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினார். பெரிய பேரரசு ஒன்றைச் சிறிதாக்குவதற்கான விதிகள் என்ற பாணியில் அமைந்தது. தூர மாகாணங்களை எப்போதும் சந்தேகத்தோடு நடத்துவது, தகுதியற்ற ஆளுநர்களை அனுப்புவது, முறைப்பாடு செய்பவர்களைத் தண்டித்து, முறைப்பாட்டுக்கு ஆளான அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு கொடுப்பது, அமைதியான ஊரில் படையைக் குவிப்பது என்று இருபது விதிகள். அமைச்சர்கள் ஏற்கனவே செய்துகொண்டிருந்தவற்றின் பட்டியல்தான் அது. இலண்டன் வாசித்துச் சிரித்தது.

அதே வருடம் தேயிலை விவகாரம் வெடித்தது. கிழக்கிந்தியக் கம்பனி கடனில் மூழ்கியிருந்தது. களஞ்சியங்களில் விற்காத தேயிலை தேங்கிக் கிடந்தது. கம்பனியைக் காப்பாற்ற, அதன் தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக மலிவாக விற்க அனுமதித்தார்கள். (எமது வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: அது சீனத் தேயிலை. மலையகத்தில் வர்த்தகத் தேயிலைச் செய்கை தொடங்கியது 1867 இல்தான்.) விலை குறைந்தாலும் தீர்வை இருந்தது. மலிவுத் தேயிலையைக் குடிப்பது பாராளுமன்றத்தின் உரிமையைக் குடிப்பது போல என்று பொஸ்டன்காரர்கள் கருதினார்கள். 1773 டிசெம்பர் 16 இரவு 342 பெட்டிகள் கடலுக்குள் போயின.

பிராங்கிளின் இதை வரவேற்கவில்லை. தனியார் சொத்தை அழித்ததற்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றே கருதினார். ஆனால் அவர் அப்போது இன்னொரு சிக்கலில் மாட்டியிருந்தார். மசாசுசெட்ஸ் ஆளுநர் தோமஸ் ஹட்சின்சன் முன்னர் இலண்டனுக்கு எழுதிய சில தனிப்பட்ட கடிதங்கள் அவர் கைக்கு வந்திருந்தன. குடியேற்றவாசிகளின் சுதந்திரங்கள் குறைக்கப்பட வேண்டும் என்ற கருத்து அவற்றில் இருந்தது. அவர் அவற்றைப் பொஸ்டனுக்கு இரகசியமாக அனுப்பினார். குற்றம் இலண்டனில் அல்ல, பொஸ்டனில் இருக்கும் அதிகாரிகளிடம்தான் என்று மக்கள் உணர்ந்தால் பேரரசின் மீதான கோபம் தணியும் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்குப் பிழைத்தது. கடிதங்கள் அச்சேறின, பொஸ்டன் கொதித்தது, ஆளுநரை நீக்கக் கோரி மசாசுசெட்ஸ் சபை மனு அனுப்பியது. கடிதங்களைக் கசியவிட்டவர் யார் என்று இலண்டனில் இருவர் சண்டையிட்டு ஒருவர் காயமுற்றபோது, தானே அனுப்பியதாகப் பிராங்கிளின் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

அந்த மனுவை விசாரிக்க 1774 ஜனவரி 29 ஆம் திகதி மன்னரின் மந்திராலோசனைச் சபை வைட்ஹோலில் கூடியது. முற்காலத்தில் சேவல் சண்டை நடந்த இடம் என்பதால் அந்த மண்டபத்துக்கு அதன் பெயரே நிலைத்திருந்தது. பொஸ்டன் தேயிலைச் செய்தி சில நாட்களுக்கு முன்னர்தான் இலண்டனை எட்டியிருந்தது. மண்டபம் நிறைந்து வழிந்தது. மன்றாடியார் நாயகமாக இருந்த அலெக்சாண்டர் வெடர்பேர்ன் மனுவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிராங்கிளினைத் திருடன் என்றும் சூழ்ச்சிக்காரன் என்றும் தாக்கினார். பிரபுக்கள் கைதட்டிச் சிரித்தார்கள். புள்ளி விழுந்த மான்செஸ்டர் வெல்வெட் உடையில் 68 வயது மனிதர் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் நின்றுகொண்டே இருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. மனு நிராகரிக்கப்பட்டது. இரண்டு நாட்களுக்குள் அஞ்சல் பதவியும் பறிக்கப்பட்டது.

ஓர் அவமதிப்பால் புரட்சி வந்தது என்று சொல்வது மிகை. அதன் பின்னரும் ஒரு வருடத்துக்கு மேலாக அவர் இலண்டனில் இருந்து சமரசத்துக்கு முயன்றார். ஹோவ் பிரபுவின் சகோதரி வீட்டில் சதுரங்கம் ஆடும் சாட்டில் இரகசியப் பேச்சுவார்த்தைகள் நடந்தன. தேயிலைக்கான நட்டஈட்டைத் தனது சொந்தப் பொறுப்பில் ஏற்கவும் முன்வந்தார். ஆனால் பாராளுமன்றம் பொஸ்டன் துறைமுகத்தை மூடி, மசாசுசெட்ஸின் சாசனத்தை மாற்றி எழுதிவிட்டது. ஒரு நகரில் சிலர் செய்ததற்காக முழு மாகாணத்தையும் தண்டித்தார்கள். அதுவரை பொஸ்டன்காரர்களின் மூர்க்கத்தை விரும்பாத மற்ற நாடுகளும் இதனால்தான் பொஸ்டனின் பக்கம் வந்தன. அரிசியும் ஆடுகளும் அனுப்பின. 1774 செப்டெம்பரில் முதலாவது கண்டக் காங்கிரஸ் கூடி மன்னருக்கு மனு அனுப்பியது. அதுவும் பாராளுமன்றத்தின் காகிதக் குவியலுக்குள் போனது.

அந்த டிசெம்பரில் டெபோரா காலமானார். கணவரைப் பார்த்துப் பத்து வருடங்கள் ஆகியிருந்தன. நோயுற்ற நிலையில் வரச்சொல்லி எழுதியும் அவர் வரவில்லை. எப்போதும் இன்னொரு மனு, இன்னொரு சந்திப்பு. இறுதிச் சடங்கில் நின்றவர் வில்லியம். 1775 மார்ச்சில் பிராங்கிளின் கப்பலேறினார். கடைசி நாளில் அமெரிக்கப் பத்திரிகைகளை வாசிக்கும்போது அவரது கன்னங்களில் கண்ணீர் வடிந்ததாக அருகில் இருந்த விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி பதிவு செய்திருக்கிறார். கப்பலில் இருந்தபடி, முறிந்துபோன பேச்சுவார்த்தைகளின் முழு விபரத்தையும் நீண்ட கடிதமாக மகனுக்கு எழுதினார். அவர் நடுக்கடலில் இருந்தபோதே ஏப்ரல் 19 ஆம் திகதி லெக்சிங்டனில் முதல் வெடி தீர்ந்துவிட்டது.

கரையிறங்கிய மறுநாளே கண்டக் காங்கிரசுக்குத் தெரிவு செய்யப்பட்டார். காங்கிரஸ் ஜூலையில் மன்னருக்கு மீண்டும் ஒரு சமாதான மனு அனுப்பியது. பிராங்கிளினுக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் கையொப்பமிட்டார். மன்னர் அதை வாங்கவே இல்லை. ஓகஸ்டில் எல்லோரையும் கிளர்ச்சிக்காரர் என்று பிரகடனம் செய்தார். சார்ள்ஸ்டவுன் எரிக்கப்பட்ட சில நாட்களில், பாராளுமன்ற உறுப்பினராக இருந்த தனது இலண்டன் நண்பர் வில்லியம் ஸ்ட்ரகனுக்கு, இனி நாம் எதிரிகள் என்று பொருள்படக் கடிதம் எழுதினார். எழுதினாரே தவிர அனுப்பவில்லை. ஒரே வாரத்துக்குள் அதே நண்பருக்கு அன்பான இன்னொரு கடிதம் போனது. போரின் தொடக்கத்தில் மனிதர்கள் இப்படித்தான் இரண்டாகப் பிளந்து நிற்கிறார்கள்.

மகனோடு அப்படி நடக்கவில்லை. வில்லியம் மன்னரின் ஆளுநராகவே இருந்தார். தந்தை நேரில் சென்று பேசினார், குரல்கள் உயர்ந்தன. வில்லியம் துரோகி அல்ல, கோழையும் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். மன்னருக்குச் செய்த சத்தியத்தை அவர் மதித்தார். தந்தை இருபது வருடமாகக் கற்றுக்கொடுத்த பேரரசு விசுவாசத்தைத்தான் அவர் கைவிடாமல் வைத்திருந்தார். 1776 ஜூனில் கைதுசெய்யப்பட்டுக் கனெக்டிக்கட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கிருந்தும் மன்னரின் மன்னிப்புப் பத்திரங்களை விநியோகித்ததால் 1777 இல் லிச்பீல்ட் சிறையில் தனியறையில் அடைக்கப்பட்டார். மனைவி எலிசபெத் நியூயோர்க்கில் மரணப்படுக்கையில் இருந்தார். ஒரு தடவை பார்த்து வர அனுமதி கேட்டு வொஷிங்டனுக்கு எழுதினார். வொஷிங்டன் இரங்கினார், ஆனால் காங்கிரஸ் மறுத்தது. எலிசபெத் கணவரைக் காணாமலே இறந்தார். காங்கிரசில் செல்வாக்கின் உச்சியில் இருந்த தந்தை, மகனுக்காக விரலையும் அசைக்கவில்லை. மாறாக, வில்லியத்தின் மகன் டெம்பிளைத் தன்னோடு பிரான்சுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த ஐவர் குழுவில் பிராங்கிளினும் ஒருவர். ஜெபர்சனின் வரைவில் சிறு திருத்தங்கள் செய்தார். எல்லா மனிதரும் சமம் என்று சொன்ன அந்தப் பத்திரத்தில் இருந்து, அடிமை வியாபாரத்தைக் கண்டித்த பகுதியைக் காங்கிரஸ் வெட்டிவிட்டது. அப்போது குடியேற்ற நாடுகளின் மக்களில் ஐந்தில் ஒருவர் அடிமை. பிராங்கிளினின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். அவரது பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களும் வந்தன. பூர்வகுடிகளுக்கோ, மேற்கே குடியேறுவதற்குத் தடை போட்ட மன்னரை விட, அந்தத் தடையை வெறுத்த குடியேற்றவாசிகளே பெரிய ஆபத்து. மனக்குறை கொண்டவர்கள் எல்லோரும் மற்றவரின் மனக்குறையைக் காண்பதில்லை.

70 வயதில் அவர் பாரிசுக்குப் போனார். 1777 இல் சரட்டோகாவில் கிடைத்த வெற்றிக்குப் பின்னர், 1778 பெப்ரவரி 6 ஆம் திகதி பிரான்சுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நாளில் அவர் பழைய வெல்வெட் உடையை அணிந்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. பிரெஞ்சு மன்னரின் பணமும் படையும் கப்பல்களும் இல்லாமல் 1781 இல் யோர்க்டவுனில் வென்றிருக்க முடியாது. ஒரு பேரரசை உடைக்க இன்னொரு பேரரசின் பகை தேவைப்பட்டது; பிரான்ஸ் சுதந்திரத்தின் மீதுள்ள காதலால் வரவில்லை என்பது பிராங்கிளினுக்கு நன்றாகவே தெரியும். அங்கு சரணடைந்த படையின் தளபதி கோர்ன்வாலிஸ் பின்னர் இந்தியாவுக்கு ஆளுநர் நாயகமாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டார். 

இதற்கிடையில் பிலடெல்பியாவைப் பிரித்தானியப் படை பிடித்தபோது மகள் சாரா குடும்பத்தோடு வெளியேற வேண்டியிருந்தது. அதிகாரிகள் பிராங்கிளினின் வீட்டில் தங்கினார்கள். போகும்போது சில பொருட்களோடு சுவரில் இருந்த அவரது உருவப்படத்தையும் எடுத்துச் சென்றார்கள். அந்தப் படம் ஒரு தளபதியின் வீட்டுச் சுவரில் தலைமுறைகளாகத் தொங்கி, 1906 இல்தான் அந்தக் குடும்பத்தால் அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

1782 இல் சமாதானப் பேச்சு நடந்தபோது மிகக் கடினமான விடயம் எல்லைகள் அல்ல, மன்னருக்கு விசுவாசமாக இருந்த அமெரிக்கர்களின் கதி. அவர்களின் வீடுகளும் காணிகளும் பறிமுதல் செய்யப்பட்டிருந்தன. நட்டஈடு வேண்டும் என்று பிரித்தானியத் தரப்பு கேட்டது. மூன்று அமெரிக்கத் தூதர்களில் அதை மிகக் கடுமையாக எதிர்த்தவர் பிராங்கிளின். எரிக்கப்பட்ட எங்கள் ஊர்களுக்கு முதலில் கணக்குக் காட்டுங்கள் என்ற தோரணையில் பேசினார். ஏறத்தாழ 60,000 பேர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கப்பலேறினார்கள். விடுதலை தருவதாகப் பிரித்தானியா சொன்னதை நம்பி வந்த கறுப்பின மக்கள் சுமார் 3,000 பேர் நோவாஸ்கோசியாவின் குளிரில் இறக்கப்பட்டார்கள். வெற்றி விழாக்களில் இவர்கள் இல்லை. 

வில்லியமும் அப்படி இலண்டனுக்குப் போனவரே. கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையாகி நியூயோர்க்கில் மன்னருக்காக ஆயுதக் குழுக்களை இயக்கியவர். அந்தக் குழுவொன்று ஒரு கைதியைத் தூக்கிலிட்டதில் அவரது பெயரும் அடிபட்டது. அந்தக் குற்றச்சாட்டை இலேசாகக் கடந்துபோக முடியாது. 1784 இல் அவர் தந்தைக்கு எழுதினார்: பழைய உறவைப் புதுப்பிக்க ஆசை, ஆனால் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கடமை என்று நினைத்ததைச் செய்தேன். தந்தையின் பதிலில், முதுமையில் ஒரே மகன் தன்னைக் கைவிட்டதும், தன் உயிரும் பெயரும் சொத்தும் பணயமாக இருந்த போரில் எதிர்த்து நின்றதும் போல வேறெதுவும் தன்னைக் காயப்படுத்தவில்லை என்ற பொருள் இருந்தது. 1785 ஜூலையில் தாயகம் திரும்பும் வழியில் சவுத்தாம்டனில் சந்தித்தார்கள். நடந்தது சமரசம் அல்ல, கணக்குத் தீர்ப்பு. அமெரிக்காவில் வில்லியத்துக்கு இருந்த காணிகளை மகன் டெம்பிளின் பெயருக்கு எழுதுவித்து, பழைய கடன்களையும் கழித்துக்கொண்டார். அதன்பின் இருவரும் சந்திக்கவில்லை. இலண்டன் நண்பர் ஸ்ட்ரகனோடு பிராங்கிளின் போருக்குப் பிறகு மீண்டும் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்நியரை மன்னித்தார், மகனை மன்னிக்கவில்லை.

81 வயதில் அரசியலமைப்பு மாநாட்டில் அமர்ந்தார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790 பெப்ரவரியில் அடிமை முறைக்கு எதிராகப் புதிய காங்கிரசுக்கு மனுக் கொடுத்தார். வாழ்க்கை முழுவதும் மனுக்களோடு அலைந்தவரின் கடைசி மனு அது. தனக்கு அதிகாரம் இல்லை என்று காங்கிரஸ் அதை ஒதுக்கியது. ஏப்ரல் 17 ஆம் திகதி, 84 வயதில் காலமானார். ஏறத்தாழ 20,000 பேர் இறுதி ஊர்வலத்தில் கூடியதாகக் கூறப்படுகிறது.

மரணசாசனத்தில் வில்லியத்துக்கு நோவாஸ்கோசியாவில் இருந்த பெறுமதியற்ற ஒரு காணி உரிமையும், ஏற்கனவே அவர் கைவசம் இருந்த புத்தகங்களும் மட்டுமே கிடைத்தன. போரில் தனக்கு எதிராக அவர் நடந்துகொண்டதே காரணம் என்றும் எழுதப்பட்டிருந்தது. கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் டெம்பிளுக்குப் போயின. அவற்றில் பிராங்கிளினின் முற்றுப்பெறாத சுயசரிதையும் ஒன்று. 1757 ஐ ஒட்டிய காலத்தோடு நின்றுவிடுவதால் புரட்சி அதில் இல்லை. இலண்டனில் சில காலம் தந்தையோடு இருந்த டெம்பிள் பின்னர் பாரிசுக்குப் போனார். வில்லியம் அவரையும் மீண்டும் காணவில்லை. சுயசரிதையை டெம்பிள் அச்சிட்டு வெளியிட்டபோது வில்லியம் உயிரோடு இல்லை. 1771 இல் எழுதத் தொடங்கிய அந்தப் புத்தகத்தின் முதல் பகுதி, அன்பு மகனை விளித்து எழுதிய கடிதமாகவே அமைந்திருக்கிறது.